மௌனம் சம்மதமா? ஒரு சென்ட்டுக்கு விலைபோன வீட்டு முகவரிகள்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இயங்கிய ஃபிடெலிட்டி ஃபெடரல் என்ற வங்கி, 2000 ஜூன் முதல் 2003 ஜூன் வரை, மாநில வாகனப் பதிவுத் துறையிடமிருந்து பெயர்ப் பட்டியல்களை விலைக்கு வாங்கிவந்தது. பாம் பீச், மார்ட்டின், பிரோவார்ட் என்ற மூன்று கவுண்டிகளில் அண்மையில் வாகனம் பதிவு செய்தவர்களின் பெயரும் வீட்டு முகவரியும் அவற்றில் இருந்தன. மூன்று ஆண்டுகளில் இப்படிக் கைமாறிய பெயர்கள் 5,65,600. வங்கி கொடுத்த தொகை 5,656 டாலர். ஆளுக்கு ஒரு சென்ட்.

யாரும் கணினிக்குள் புகுந்து திருடவில்லை. துறை கேட்ட விலையை வங்கி கொடுத்தது, பட்டியல் வந்தது. அந்த முகவரிகளுக்குப் போனவை வாகனக் கடன் பற்றிய விளம்பரக் கடிதங்கள். பெற்றவர்களில் பலர் பிரித்துக்கூடப் பார்க்காமல் குப்பையில் போட்டிருப்பார்கள். இந்த வழக்கை நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணமே அதுதான். தகவல் வெளியே போனது என்றதும் ஒரு திருடனைத் தேடுவது நம் பழக்கம். இங்கே திருடன் இல்லை. காயம்பட்டவர் என்று விரல் நீட்டிக் காட்டவும் ஒருவர் இல்லை. அப்படியானால் தவறு நடந்ததா, நடந்தது என்றால் அதற்கு என்ன விலை என்பதுதான் நீதிமன்றத்தின் முன் வந்த கேள்வி.

முகவரி அங்கே போன விதம்

கடையில் பொருள் வாங்கும்போது தொலைபேசி எண் கேட்டால் மறுக்கலாம். வாகனப் பதிவேட்டில் அந்த வாய்ப்பு இல்லை. பதிவு செய்யாத வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது, முகவரி கொடுக்காமல் பதிவு செய்யவும் முடியாது. வேலைக்குப் போகவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் காரையே நம்பியிருக்கும் ஊர்களில் இதைக் கட்டாயம் என்றுதான் சொல்ல வேண்டும். அரசு அந்த முகவரியை வாங்கி வைத்துக்கொண்டு ஓர் எண்ணைக் கொடுக்கிறது. அந்த எண்ணை எவரும் தூரத்திலிருந்தே படிக்கும்படி வண்டியில் மாட்டச் சொல்கிறது. ஆக, எண் தெருவில் திறந்து கிடக்கிறது. எண்ணிலிருந்து வீட்டுக்குப் போகும் வழி மட்டும் பதிவேட்டுக்குள் பூட்டியிருக்கிறது. சிக்னலில் நின்ற காரின் எண்ணைக் குறித்துக்கொண்ட எவனும் அந்த வழியைக் காசு கொடுத்துத் திறக்கலாம் என்றால், நம்பர் பிளேட்டிலேயே வீட்டு முகவரியை எழுதி மாட்டியதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

1980களில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் நிலைமை அப்படித்தான் இருந்தது. பதிவேடு பொது ஆவணமாகக் கருதப்பட்டது. கட்டணம் செலுத்தியவருக்குத் தகவல் கிடைத்தது. 1989 ஜூலை 18 அன்று ரெபெக்கா ஷேஃபர் என்ற 21 வயது நடிகை லாஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்மீது வெறிகொண்டு பின்தொடர்ந்த ஒருவன், டூசான் நகரத்துத் துப்பறியும் நிறுவனம் ஒன்றுக்கு 250 டாலர் கொடுத்து அவருடைய முகவரியைத் தேடச் சொல்லியிருந்தான். நிறுவனம் அதைக் கலிஃபோர்னியா மோட்டார் வாகனத் துறையின் பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அந்த அலுவலகத்தைப் பொறுத்தவரை அது அன்றாடம் வந்துபோகும் விண்ணப்பங்களில் ஒன்று.

புகழ்பெற்ற ஒருவருக்கு நேர்ந்த கொடுமை என்பதால் இது செய்தியானது. ஆனால் செனட்டர் பார்பரா பாக்சர் தன் மசோதாவுக்காகச் செனட்டில் அடுக்கிய மற்ற நிகழ்வுகளே என்னை அதிகம் உலுக்குகின்றன. அயோவா மாநிலத்தில் ஓர் இளைஞர் கும்பல், விலையுயர்ந்த கார்களின் எண்களைக் குறித்துக்கொண்டு, போக்குவரத்துத் துறையிடம் உரிமையாளர்களின் முகவரிகளைப் பெற்று, இரவில் அந்த வீடுகளில் கொள்ளையடித்தது. கலிஃபோர்னியாவில் 31 வயது ஆண் ஒருவன், ஐந்து இளம்பெண்களின் கார் எண்களைக் குறித்து, வாகனத் துறையிடமிருந்து முகவரிகளை வாங்கி, வீட்டுக்கே மிரட்டல் கடிதங்கள் அனுப்பினான். அரிசோனாவின் டெம்பி நகரில் ஒரு பெண் இதே வழியில் கிடைத்த முகவரியால் உயிரிழந்தார். இவர்களில் எவரும் பிரபலங்கள் அல்லர். கார் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

சட்டமும் அதில் இருந்த ஓட்டையும்

1994 செப்டம்பர் 13 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட பெரிய குற்றத் தடுப்புச் சட்டத்தின் ஒரு பகுதியாக, ஓட்டுநர் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. மாநிலங்கள் தயாராவதற்கு மூன்று ஆண்டு அவகாசம் தரப்பட்டது. பெயர், முகவரி, தொலைபேசி எண், புகைப்படம், சமூகப் பாதுகாப்பு எண், உரிம எண், மருத்துவத் தகவல் ஆகியவற்றை வாகனத் துறைகள் மனம்போல வெளியிடக்கூடாது என்றது சட்டம். விபத்துகளும் போக்குவரத்து விதிமீறல்களும் இந்தப் பாதுகாப்புக்குள் வரவில்லை. அது சரியே. ஒருவர் எப்படி வண்டி ஓட்டுகிறார் என்பது சாலையில் போகும் அனைவரின் அக்கறை. அவர் எங்கே உறங்குகிறார் என்பது அப்படியல்ல.

தடைக்கு 14 விதிவிலக்குகள் வைத்தார்கள். நீதிமன்றம், காவல்துறை, காப்பீடு, பழுதான வாகனங்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பு, இழுத்துச் செல்லப்பட்ட வண்டியின் உரிமையாளருக்குத் தகவல் சொல்வது போன்றவை பெரும்பாலும் நியாயமானவை. உரிமம் பெற்ற தனியார் துப்பறியும் நிறுவனங்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மற்ற விதிவிலக்குகள் அனுமதிக்கும் நோக்கத்துக்காக மட்டுமே அவர்கள் தகவல் பெறலாம் என்ற கட்டு உண்டு. ஆனாலும் ஒரு துப்பறியும் நிறுவனத்தின் வழியாக நடந்த கொலை தூண்டிய சட்டத்தில், அதே தொழிலுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்ததை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

நம் வழக்குக்கு முக்கியமானது விளம்பர நோக்கிலான மொத்த விநியோகம் பற்றிய விதிவிலக்கு. 1994இல் எழுதப்பட்டபடி, ‘என் தகவலைக் கொடுக்காதே’ என்று மறுப்பதற்கு உரிமையாளருக்குத் தெளிவான வாய்ப்புக் கொடுத்துவிட்டால், மறுக்காதவர்களின் விவரங்களை விற்கலாம். மௌனம் சம்மதம். படிவத்தின் ஓரத்தில் இருக்கும் கட்டத்தைக் கவனிக்காதவர், கவனித்தும் புரியாதவர், வரிசையில் நின்று களைத்துப்போனவர் ஆகிய அனைவரும் சம்மதித்தவர்களாகிவிடுவார்கள்.

1999இல் தென் கரோலினா மாநிலம் ஓட்டுநர் உரிமப் புகைப்படங்களை ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றது வெளியே தெரிந்து மக்கள் கொதித்தார்கள். அதே ஆண்டு செனட்டர் ரிச்சர்ட் ஷெல்பி கொண்டுவந்த திருத்தம் விதியைத் தலைகீழாக்கியது. விளம்பரத்துக்காக விற்க வேண்டுமானால் உரிமையாளர் வெளிப்படையாக ஒப்புதல் தந்திருக்க வேண்டும். பேசாதவர் மறுத்தவர். 2000 ஜூன் 1 அன்று இது நடைமுறைக்கு வந்தது. ஃபுளோரிடா வழக்கின் கணக்கு 2000 ஜூனில் தொடங்குவது இதனால்தான்.

இந்தத் திருத்தத்தைச் சின்ன சொல்மாற்றம் என்று எண்ணிவிட வேண்டாம். மறுக்கும் உரிமை, ஒப்புக்கொள்ளும் உரிமை இரண்டும் காகிதத்தில் ஒன்றுபோலத் தெரியும். பெரும்பாலான மக்கள் எந்தக் கட்டத்தையும் தொடுவதில்லை என்பதால், தொடாத கட்டத்துக்குச் சட்டம் என்ன பொருள் தருகிறது என்பதே அவர்களுடைய முகவரியின் கதியைத் தீர்மானிக்கிறது.

மாநிலங்கள் எதிர்த்தது ஏன்

தென் கரோலினாவின் அரசுத் தலைமை வழக்கறிஞர் சார்லி காண்டன், இந்தச் சட்டம் மாநிலங்களின் இறையாண்மையில் தலையிடுகிறது என்று வழக்குத் தொடுத்திருந்தார். கீழ் நீதிமன்றங்கள் அவர் பக்கம் நின்றன. 2000 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது. மாநில உரிமைகளுக்காகப் பல தீர்ப்புகளில் நின்ற தலைமை நீதிபதி ரென்குவிஸ்டே இந்தத் தீர்ப்பை எழுதினார். பதிவேட்டுத் தகவல் மாநில எல்லைகளைத் தாண்டி விற்பனையாகும் ஒரு வணிகப் பொருள். எனவே அதை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. மேலும், சட்டம் மாநிலத்தைத் தன் குடிமக்களை ஆளும் அரசாகப் பார்த்துக் கட்டளையிடவில்லை, ஒரு தரவுத்தளத்தின் சொந்தக்காரராகப் பார்த்தே கட்டுப்படுத்துகிறது என்றார் அவர்.

எதிர்ப்புக்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது. விஸ்கான்சின் மாநிலத்துக்கு மட்டும் இப்படிப்பட்ட விற்பனையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 லட்சம் டாலர் வந்துகொண்டிருந்ததைத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. கட்டாயத்தின்பேரில் வாங்கியதைக் காசாக்கிப் பழகிய கை அதை எளிதில் விடாது.

ஃபுளோரிடா சண்டைக்குப் போகவில்லை, சும்மா இருந்துவிட்டது. கூட்டாட்சிச் சட்டம் மாறியபின்னும் மாநிலத்தின் சொந்தச் சட்டம் பழையபடியே, மறுக்காதவர்களின் தகவலைக் கொடுக்கலாம் என்றே 2004 வரை நீடித்தது. அந்த நான்காண்டு இடைவெளியில்தான் வங்கியின் பட்டியல்கள் கைமாறின.

வழக்கு

வாகன உரிமையாளர் ஒருவர் தன் சார்பிலும் தன்னைப் போன்ற அனைவர் சார்பிலும் வங்கிமீது வழக்குத் தொடுத்தார். சட்டத்தில், அனுமதியில்லாத நோக்கத்துக்காக அறிந்தே தகவலைப் பெறுபவர், வெளியிடுபவர், பயன்படுத்துபவர் ஆகியோர்மீது உரிமையாளர் நேரடியாக வழக்குத் தொடரலாம். நீதிமன்றம் உண்மையான இழப்பை ஈடுசெய்ய உத்தரவிடலாம். அது முன்கூட்டியே நிர்ணயித்த 2,500 டாலருக்குக் குறையக்கூடாது.

மாவட்ட நீதிமன்றத்தில் வங்கி வென்றது. மனுதாரருக்கு இழப்பு எதுவும் இல்லை. அவருக்கு வந்தது ஒரு கடிதம்தானே? இழப்பை நிரூபிக்காதவருக்கு 2,500 டாலர் எதற்கு என்றது நீதிமன்றம். இந்த வாதத்துக்கு அன்று வலுவான துணையும் இருந்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பு எண்களைத் தொழிலாளர் துறை வெளியிட்டது தொடர்பான வழக்கில், 1974ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டப்படி குறைந்தபட்சத் தொகை கிடைக்கவும் உண்மையான இழப்பைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்திருந்தது.

அட்லாண்டாவில் உள்ள 11ஆவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005 ஆகஸ்டில் தீர்ப்பைத் திருப்பியது. இரண்டு சட்டங்களின் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள் நீதிபதிகள். 1974ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சத் தொகையை ‘ஈடு பெற உரிமையுள்ளவருக்கு’ என்று வரையறுக்கிறது. வாகனச் சட்டத்தில் அந்த வரையறை இல்லை. தனியுரிமை மீறலால் வரும் இழப்பு உறுதியாகச் சொல்ல முடியாதது, அளக்கவும் முடியாமல் போகக்கூடியது. அப்படிப்பட்ட இடத்தில்தான் முன்கூட்டியே தொகையை நிர்ணயிப்பது பொருத்தம் என்றும் சொன்னார்கள்.

எனக்கு இந்த வரிகளே வழக்கின் இதயம். முகவரி வெளியே போனவருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர், நஷ்டம் நிகழும் நாள்வரை காத்திருக்கச் சொல்கிறார். அயோவாவில் அந்த நாள் கொள்ளையாக வந்தது. டெம்பியில் கொலையாக வந்தது. கணவனின் அடிக்குத் தப்பி வேறு ஊரில் வீடு பிடித்த ஒரு பெண்ணுக்கு, புது முகவரி எத்தனை பட்டியல்களில் ஏறியிருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொரு இரவும் கதவை இருமுறை சரிபார்ப்பதே இழப்பு. அதற்கு மருத்துவமனை ரசீது கிடையாது. ரசீது இல்லாதவருக்கு வழக்கில்லை என்றால், சட்டம் பாதுகாக்க நினைத்தவர்களில் முக்காலே மூன்று வீசம் பேர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார்கள்.

வங்கியின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. விற்றது மாநில அரசு. விற்பனை மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது. அரசுத் துறையிடம் காசு கொடுத்து வாங்கியவர், அந்தத் துறை கூட்டாட்சிச் சட்டத்தைப் பின்பற்றாமல் இருப்பதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டுமா? ‘அறிந்தே’ என்ற சொல்லுக்கு, தகவலைப் பெறுகிறோம் என்று அறிந்தால் போதுமா, ஒப்புதல் இல்லாத தகவல் என்றும் அறிந்திருக்க வேண்டுமா? தொகையும் திகைக்கவைத்தது. 5,65,600 பேருக்குத் தலா 2,500 டாலர் என்றால் 141 கோடியே 40 லட்சம் டாலர். மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு ஒரு வழி விட்டிருந்தது: சட்டத்தில் ‘உத்தரவிடலாம்’ என்று இருப்பதால், எவ்வளவு கொடுப்பது என்பதில் கீழ் நீதிமன்றத்துக்கு விருப்புரிமை உண்டு.

இழப்பை நிரூபிக்காமலே தொகை பெற முடியுமா என்ற கேள்வியை வங்கி உச்ச நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்றது. 2006இல் நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. நீதிபதி ஸ்காலியா, அலிட்டோவும் உடன்பட, ஒரு குறிப்பை மட்டும் சேர்த்தார்: இவ்வளவு பெரிய பொறுப்பு சட்டத்துக்குப் பொருள் காணும் ஒரு கேள்வியைச் சார்ந்திருப்பது முக்கியமான விஷயம், ஆனாலும் ‘அறிந்தே’ என்ற சொல் பற்றிய கேள்வி இன்னும் தீராததால் மறுப்புக்குத் தாம் இசைவதாக. பிறகு இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. தொகை 5 கோடி டாலர். வழக்குச் செலவைக் கழிக்காமல் பட்டியலின் பெயர்களுக்குப் பங்கிட்டால் பெயருக்கு ஏறத்தாழ 88 டாலர். ஒரு சென்ட்டுக்கு வாங்கியதற்கு எட்டாயிரம் மடங்குக்கும் மேல். சட்டம் சொன்ன 2,500 டாலரோடு ஒப்பிட்டால் நூற்றில் நான்கு பங்குகூட இல்லை.

பணம் கட்டியது வங்கி. விற்றது மாநிலம். இந்தச் சட்டப்படி தனிமனிதர் தொடுக்கும் வழக்கில் மாநிலத்தையோ அதன் துறையையோ பிரதிவாதியாக்க முடியாது. விதிகளைத் தொடர்ந்து மீறும் துறைமீது கூட்டாட்சித் தலைமை வழக்கறிஞர் நாளொன்றுக்கு 5,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம், அவ்வளவே. மக்களிடமிருந்து கட்டாயமாக முகவரியைப் பெற்றவர், காக்க வேண்டியவர், விற்றவர் மூவரும் ஒருவரே. அவரை நீதிமன்றத்துக்கு இழுக்க உரிமையாளருக்கு வழி இல்லாதது இந்தச் சட்டத்தின் ஆகப் பெரிய குறை என்று நினைக்கிறேன்.

பின்னர் வந்தவை

2013இல் மீண்டும் தென் கரோலினா. கார் விற்பனையாளர்கள்மீது வழக்கு நடத்த ஆள் சேர்ப்பதற்காக, சில வழக்கறிஞர்கள் மாநில வாகனத் துறையிடமிருந்து தகவல் பெற்று 34,000 பேருக்கும் மேல் கடிதம் எழுதியிருந்தார்கள். நீதிமன்ற நடவடிக்கைக்கான விதிவிலக்கு தங்களுக்கு உண்டு என்றார்கள். கட்சிக்காரர்களைத் தேடுவது அந்த விதிவிலக்குக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

இல்லினாய் மாநிலத்தின் பாலட்டைன் ஊரில், இரவில் தெருவில் நின்ற காரின் கண்ணாடியில் காவலர் செருகிவிட்டுப் போன அபராதச் சீட்டில் உரிமையாளரின் பெயர், முகவரி, உரிம எண், பிறந்த தேதி, உயரம், எடை எல்லாம் அச்சிடப்பட்டிருந்தன. சீட்டு யாரும் எடுத்துப் படிக்கும்படி மணிக்கணக்கில் கிடந்தது. அதுவும் தகவல் வெளியீடுதான் என்று 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு ஏற்றது. ஆனால் 2015இல் இறுதி வெற்றி ஊர் நிர்வாகத்துக்கே கிடைத்தது. அந்தப் பயன்பாடு விதிவிலக்குக்குள் அடங்கும் என்றார்கள். எடையை எதற்கு அச்சிட வேண்டும் என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

மின்னசோட்டாவில் ஆபத்து உள்ளிருந்தே வந்தது. முன்னாள் பெண் காவலர் ஒருவரின் ஓட்டுநர் பதிவை நூற்றுக்கும் மேற்பட்ட காவலர்கள் நானூறு முறைக்கும் மேல் திறந்து பார்த்திருந்தார்கள். 2013இல் அந்த மாநிலச் சட்டமன்றத் தணிக்கையாளர் ஆராய்ந்தபோது, பதிவேட்டைப் பயன்படுத்தும் காவல்துறையினரில் பாதிக்கும் மேற்பட்டோரின் தேடல்கள் ஐயத்துக்குரியவையாக இருந்திருக்கலாம் என்று தெரியவந்தது. விற்பனையைத் தடுக்கும் விதிகள் மட்டும் இதற்குப் போதாது. யார், எப்போது, எதற்காகத் திறந்தார் என்ற பதிவும், அதை இடைவிடாமல் சரிபார்க்கும் ஆளும் இருந்தால்தான் இது அடங்கும்.

விதிவிலக்குகளின் வழியாக விற்பனையும் தொடர்கிறது. கலிஃபோர்னியா மோட்டார் வாகனத் துறை பதிவேட்டுத் தகவலைக் கொடுப்பதன்மூலம் ஆண்டுக்கு 5 கோடி டாலர் அளவுக்குப் பெறுகிறது என்பது 2019இல் வெளியானது. ஃபுளோரிடா வங்கி சமரசத்தில் கொடுத்த முழுத் தொகைக்கு நிகரானது அது. வேறு சில மாநிலங்களின் வாகனத் துறைகள் தகவல் கொடுத்துவந்தவர்களில் உரிமம் பெற்ற தனியார் துப்பறியும் நிறுவனங்களும் இருந்ததாக அந்தச் செய்திகளே தெரிவித்தன.